வண்டியை நிற்கவிடாத மனிதர்: டொம் ரோல்டும் வேல்ஸின் சின்ன ரயில் பாதையும்

வடக்கின் ரயில் பாதை எப்படி அழிந்தது என்பதை நம் வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஜூனில் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. பிறகு தண்டவாளங்கள் பங்கர்களுக்குக் கூரையாகின. சிலிப்பர் கட்டைகள் காவலரண்களுக்குச் சுவராகின. இரு தரப்பும் கழற்றின. இடம்பெயர்ந்த சனம் கொட்டில் போட ஒன்றிரண்டை எடுத்திருந்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் கோச்சி வந்தபோது, இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் புதிதாகப் போட்ட பாதையில் வந்தது. நல்ல பாதை, வேகமான பாதை. ஆனால் 1905 இல் கொழும்போடு யாழ்ப்பாணத்தை இணைத்த பழைய பாதையையும், அதில் உழைத்தவர்களின் கைப்பழக்கத்தையும் பற்றிக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

திருகோணமலையில் கதை கொஞ்சம் வேறு. மாகோவில் பிரிந்து கல்லோயா, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா ஊடாக வரும் நமது பாதை 1927 இல் திறக்கப்பட்டது. துறைமுகம் இல்லாவிட்டால் இந்தக் காட்டுக்குள்ளால் யாரும் தண்டவாளம் போட்டிருக்கமாட்டார்கள். போர்க்காலத்தில் வண்டி ஒழுங்காக ஓடியதில்லை. என்றாலும் வடக்கைப் போலப் பாதை முழுதாகப் பிடுங்கப்படவில்லை. இந்த மாவட்டத்தில் பழையதைக் காப்பது என்று பேச்செடுத்தால் கோட்டை, கோயில், வெந்நீரூற்று, எண்ணெய்த் தாங்கிகள் என்று பட்டியல் வரும். ரயில் அதில் வராது. ஓடுகிற ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

அப்படித் தோன்றிய ஒருவர் இருந்தார். அரசும் கம்பனியும் கைவிட்ட ஒரு ரயில் பாதையைச் சாதாரண மனிதர்கள் சேர்ந்து, சம்பளம் வாங்காமல், தாங்களே ஓட்டலாம் என்று முதன்முதலில் செய்துகாட்டியவர் அவர். இன்று பிரித்தானியாவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய ரயில் பாதைகள் தொண்டர்களின் உழைப்பில் ஓடுகின்றன. அவை எல்லாவற்றுக்கும் முன்னோடி வேல்ஸின் டலிலின் பாதை. அதை நடத்தத் துணிந்தவர் டொம் ரோல்ட்.

முழுப்பெயர் லயனல் தோமஸ் காஸ்வோல் ரோல்ட். 1910 பெப்ரவரி 11 இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். அதே 1910 இல்தான் நம் நாட்டில் பி.டி. ரம்பாலா பிறந்தார். இலங்கை ரயில்வேயின் முதல் உள்நாட்டுப் பிரதம இயந்திரப் பொறியியலாளராக இருந்து பின்னர் பொது முகாமையாளரானவர் அவர். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது அவருடைய காலத்தில். ரம்பாலா நீராவிக்கு ஓய்வு கொடுத்து டீசலைக் கொண்டுவந்தார், ரோல்ட் நீராவியைத் தூங்கவிடவில்லை. இரண்டும் ரயிலில் உள்ள பற்றுத்தான் என்று எனக்குப் படுகிறது.

ரோல்டின் தந்தை ஓரிடத்தில் நிலைத்து நிற்காதவர். அவுஸ்திரேலியாவில் மாட்டுப் பண்ணை, இந்தியாவில் தோட்டம், 1898 இல் கனடாவின் யூகொன் பக்கம் தங்க வேட்டை என்று அலைந்தார். கையிலிருந்த பணத்தின் பெரும்பகுதியை, அதைப் போட்டிருந்த நிறுவனம் முறிந்தபோது இழந்தார். குடும்பம் குளொஸ்டர்ஷயரில் ஸ்டான்லி பொன்ட்லார்ஜ் என்ற சிற்றூரின் பழைய கல்வீட்டில் ஒதுங்கியது. செல்டன்ஹாம் கல்லூரியில் படித்த மகன் 16 வயதில் பள்ளியை விட்டுத் தொழில் பழகப் போனான். முதலில் விவசாய நீராவி இயந்திரங்கள், பிறகு ஸ்டோக் ஒன் ட்ரென்ட் நகரில் கேர் ஸ்டுவர்ட் என்ற ரயில் என்ஜின் தொழிற்சாலை. மாமா முறையான கெர்ல் வில்லன்ஸ் அங்கே பொறியியலாளராக இருந்தார்.

கேர் ஸ்டுவர்ட் 1930 இல் முறிந்துபோனது. ரோல்டுக்கு அப்போது 20 வயது. வேலை பழகிய பட்டறை மூடப்பட்டு, அங்கிருந்த கைதேர்ந்த மனிதர்கள் திக்குத் திக்காகப் போனதை அவர் கண்ணால் பார்த்தார். ஒரு இடம் மூடப்படும்போது இயந்திரத்தை விற்றுவிடலாம். அதை ஓட்டத் தெரிந்த கைகளை யாரும் விலைக்கு வாங்கி வைப்பதில்லை. அவருடைய பிற்கால வாழ்வின் பல முடிவுகளுக்கு இந்த 1930 தான் வேர் என்பது என் எண்ணம்.

வேலையற்ற அந்த ஆண்டுகளில் ஹாம்ப்ஷயரில் ஒரு கராச்சில் பங்காளியானார். பழைய கார்களைத் திருத்தி ஓட்டுகிற கூட்டம் ஒன்று அவரைச் சுற்றிச் சேர்ந்தது. 1934 இல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கழகத்தில் அவர் ஆரம்பத்திலிருந்தே முனைப்பாக இருந்தார். கண்ணாடிக்குள் பூட்டி வைப்பதற்கல்ல, வீதியில் ஓட்டுவதற்காகவே அவர்கள் பழைய காரைத் திருத்தினார்கள். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

மாமா வைத்திருந்த கிரெசி என்ற மரப்படகு பின்னர் ரோல்டின் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களுக்கென்றே கட்டப்படும் ஒடுக்கமான, நீளமான படகு அது. பான்பரி நகரின் படகுப் பட்டறையில் அதை வீடாக மாற்றி, 1939 ஜூலையில் ஏஞ்சலாவைத் திருமணம் முடித்து, அந்த மாதமே இருவரும் கால்வாய் வழியே புறப்பட்டார்கள். செப்ரெம்பரில் உலகப்போர் தொடங்கிவிட்டது. ரோல்ட் சிறிது காலம் குரூ நகரின் ரோல்ஸ் ரோய்ஸ் தொழிற்சாலையில் மெர்லின் விமான இயந்திரங்கள் செய்கிற வரிசையில் நின்று வேலை செய்தார். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவிலிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்களுக்கும் மெர்லின் இயந்திரம்தான். நம் ஊர் மூத்தவர்கள் சொல்லும் குண்டுவீச்சுக் கதைகளுக்கும் இந்த வேல்ஸ் கதைக்கும் நடுவில் இப்படி ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. தொழிற்சாலை வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. போரின் மீதிக் காலத்தை வழங்கல் அமைச்சின் வேலையில் கழித்தார். படகில்தான் குடியிருந்தார்.

1944 டிசம்பரில் நரோ போட் என்ற அவருடைய நூல் வெளிவந்தது. கால்வாய்களையும் அவற்றில் தலைமுறை தலைமுறையாகச் சரக்கு இழுத்த படகுக் குடும்பங்களையும் பற்றியது. போரில் களைத்திருந்த நாடு அதை விரும்பி வாசித்தது. அதை வாசித்த ரொபேர்ட் ஐக்மன் என்பவர் ரோல்டைத் தேடி வந்தார். 1946 இல் இருவரும் மற்றும் சிலரும் சேர்ந்து உள்நாட்டு நீர்வழிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஐக்மன் தலைவர், ரோல்ட் செயலாளர்.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். பேர்மிங்ஹாமுக்குத் தெற்கே கிங்ஸ் நோர்ட்டன் பகுதியில் ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் மேல் லிஃபோர்ட் லேன் என்ற இடத்தில் ஒரு தூக்குப் பாலம் இருந்தது. அது சேதமடைந்தபோது, கால்வாயின் சொந்தக்காரரான கிரேட் வெஸ்டேர்ன் ரயில்வே கம்பனி அங்கே அசையாத தாழ்வான பாலம் ஒன்றைப் போட்டுவிட்டது. படகு போக முடியாது. ஆனால் சட்டப்படி அந்தக் கால்வாயில் படகு விடும் உரிமை பொதுமக்களுக்கு இருந்தது. யாரும் போகாததால் யாரும் கேட்கவில்லை. சங்கம் பிரபுக்கள் சபையில் கேள்வி எழுப்பவைத்தது. படகு வருவதாக முன்கூட்டியே அறிவித்தால் பாலத்தைத் தூக்கித் தருகிறோம் என்று பதில் வந்தது. யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்பில் சொன்ன பதிலாக இருக்கலாம்.

ரோல்ட் நாள் குறித்து அறிவித்தார். 1947 மே 20 இல் கிரெசியோடு போய் நின்றார். கால்வாய் முழுக்கச் சேறும் களையும் குப்பையும். கரையில் சனக்கூட்டமும் பத்திரிகையாளர்களும். ரயில்வே ஊழியர்கள் ஜக் வைத்துப் பாலத்தைத் தூக்கவேண்டி வந்தது. கிரெசி அதன் கீழால் போனது. பயன்படுத்தாத உரிமை காகிதத்தில்தான் இருக்கும் என்பதை அவர் கட்டுரை எழுதி விளக்கவில்லை, படகை ஓட்டிக் காட்டினார். காணிக்குப் போகும் பாதை, கடலுக்கு இறங்கும் துறை, மேய்ச்சல் தரவை என்று நாமும் இதே கணக்கை வேறு விதமாகப் பட்டு அறிந்தவர்கள்.

அந்தச் சங்கத்தோடு அவருடைய உறவு நீடிக்கவில்லை. எல்லாக் கால்வாய்களையும் ஒன்றுவிடாமல் மீட்க வேண்டும் என்பது ஐக்மனின் பிடிவாதம். ஓடக்கூடியதை முதலில் காப்பாற்றுவோம், அதில் உழைத்துச் சாப்பிடுகிற படகுச் சனத்தை விட்டுவிட்டுக் கால்வாயை மட்டும் காத்து என்ன பயன் என்பது ரோல்டின் பக்கம். முடிவில் 1951 இல், தான் தொடங்கிய சங்கத்திலிருந்து அவரே வெளியேற்றப்பட்டார். சங்கங்களில் நடக்கும் இந்த வகை வேலை நமக்குப் புதிதல்ல. அதே ஆண்டில் மணவாழ்வும் முறிந்தது. ஏஞ்சலா அலைந்து திரியும் வாழ்க்கையை விட மனமில்லாமல் ஒரு சர்க்கஸ் கம்பனியோடு சேர்ந்துகொண்டார். கிரெசியின் மரமும் உளுத்துப்போயிருந்தது. வீடு, மனைவி, இயக்கம் மூன்றும் கைவிட்டுப் போன அந்த ஆண்டில்தான் ரோல்ட் ரயில் ஓட்டப் போனார்.

டலிலின் பாதை வேல்ஸின் மேற்குக் கரையில் டவின் என்ற சிறு பட்டினத்தில் தொடங்கி மலைக்குள் ஏறுகிறது. பிரின் எக்லுயிஸ் சுரங்கத்திலிருந்து சிலேட்டுக் கல்லைக் கடற்கரைக்குக் கொண்டுவர 1865 இல் போடப்பட்டது. ஏழு மைல் அளவு நீளம். தண்டவாளங்களுக்கு இடையே 2 அடி 3 அங்குலம் மட்டும். நமது பாதை 5 அடி 6 அங்குலம். அதாவது நம் பாதையில் பாதி அகலம்கூட இல்லை. 1911 இல் சுரங்கத்தையும் பாதையையும் அந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரான சேர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் வாங்கினார். 1946 டிசம்பரில் சுரங்கம் இடிந்து வேலை நின்றது. இழுக்கக் கல் இல்லை. ஆனாலும் தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று அந்த முதியவர் வாக்குக் கொடுத்திருந்தார். கையிலிருந்து செலவழித்துக் கோடையில் ஓட்டினார். பிரித்தானிய ரயில்வேக்களை எல்லாம் அரசுடைமையாக்கிய 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இந்தச் சின்னப் பாதை இடம்பெறவில்லை. விடுபட்டுப்போனது. அந்தத் தவறுதலால்தான் பிறகு நடந்ததெல்லாம் சாத்தியமானது.

ரோல்ட் முதன்முதலில் போர்க்காலத்தில் டவினுக்குப் போனார். அன்று வண்டி இல்லை என்று அறிவிப்பு. அவர் பாதை வழியே நடந்தே போனார். தண்டவாளங்கள் 1865 இல் போட்ட அதே இரும்பு. சிலிப்பர் கட்டைகள் உக்கிப்போயிருந்தன. மேலே புல் முழங்காலளவு. அந்தப் புல்லை ஒரேயடியாக வெட்டினால் தண்டவாளங்கள் விலகிவிடும் என்ற நிலை. புல்லின் வேர்தான் பாதையைப் பிடித்துவைத்திருந்தது.

1949 இல் பேர்மிங்ஹாம் போஸ்ட் பத்திரிகையில் இந்தப் பாதையின் எதிர்காலம் பற்றிக் கடிதங்கள் வந்தபோது ரோல்டும் எழுதினார். அரசைக் கேட்டு நிற்காமல் ஆர்வமுள்ளவர்களே கைகொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. பான்பரியில் வானொலிக் கடை வைத்திருந்த பில் ட்ரிண்டர், புகைப்படக்காரர் ஜிம் ரசல் என்ற இரு நண்பர்களோடு டவினுக்குப் போய் சேர் ஹேடனைச் சந்தித்தார். 1950 ஜூலை 2 இல் சேர் ஹேடன் இறந்தார். கோடை முடிந்தால் பாதையும் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த ஒக்ரோபர் 11 ஆம் திகதி பேர்மிங்ஹாமின் இம்பீரியல் ஹோட்டலில் கூட்டம் கூட்டப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலானோர் ரயிலில் ஒருநாளும் வேலை செய்யாதவர்கள். டலிலின் ரயில்வே பாதுகாப்புச் சங்கம் அங்கே பிறந்தது. சேர் ஹேடனின் மனைவி பாதையைச் சங்கத்தின் கைக்கு மாற்ற இசைந்தார். குடும்பத்தின் பக்கமும் சங்கத்தின் பக்கமும் சேர்ந்து பொறுப்பேற்க ஒரு கம்பனி அமைக்கப்பட்டது. சட்டவேலையை இவ்வளவு கவனமாக முடித்ததை இன்றைய நமது சமூக அமைப்புகள் கவனித்துப் பார்க்கலாம். உணர்ச்சியில் கூடி, பதிவு, கணக்கு, சொத்துரிமை எதுவும் தெளிவில்லாமல் கலைந்துபோன முயற்சிகள் நம்மிடம் நிறைய.

1951 மே 14, திங்கட்கிழமை, பொது விடுமுறை நாள். டவினிலிருந்து றிடிரோனன் நிலையம் வரை மட்டும் வண்டி ஓடியது. தொண்டர்கள் ஓட்டிய உலகின் முதல் ரயில் சேவை என்று வரலாற்றில் பதிவாகியிருப்பது அந்தக் குறுகிய ஓட்டம்தான். இழுத்தது டொல்கொக் என்ற என்ஜின், 1866 இல் கட்டப்பட்டது. பாதைக்குச் சொந்தமான மற்ற என்ஜினான டலிலின் பல ஆண்டுகளாக ஓடாமல் கிடந்தது. அந்தக் கோடையின் பெரும்பகுதியை ஒரே கிழட்டு என்ஜின் தாங்கியது. அது நின்றால் எல்லாம் நிற்கும். முகாமையாளராக ரோல்ட் அந்தக் கோடை முழுவதும் டவினில் இருந்தார்.

தொண்டர்களால் ரயில் ஓட்டுவது என்றால் என்ன என்று அவர் அங்கே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கேட்க முன்னனுபவக்காரர் யாரும் இல்லை. விடிய முன் எழும்பிக் கொதிகலனுக்குத் தீ மூட்ட ஆள் வேண்டும். நீராவி எழும்பப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் எண்ணெய் போட வேண்டும், சாம்பல் வார வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும். கார்டின் பெட்டியில் ஒரு சின்ன யன்னல். வழியில் ஏறுகிறவர்களுக்கு அங்கேதான் ரிக்கெட். என்ஜினில் ஏறி நிற்க நூறு பேர் வருவார்கள். மழையில் மண்வெட்டி பிடித்து உக்கிய சிலிப்பர் கட்டையைத் தோண்டி எடுக்க ஆள் கிடைப்பது அரிது. சனி ஞாயிறில் கூட்டம், செவ்வாய்க்கிழமை ஒருவரும் இல்லை. விருப்பத்துக்கு வருகிறவரிடம் கண்டிப்பாகப் பேசினால் அடுத்த வாரம் வரமாட்டார், பேசாவிட்டால் வண்டி தடம்புரளும். கேர் ஸ்டுவர்ட்டில் பழகிய கையும், படகுத் தொழிலாளரோடு பழகிய பொறுமையும் ரோல்டுக்கு இந்த இடத்தில் உதவின. வங்கி எழுத்தர், மாணவர், மதகுரு என்று யார் வந்தாலும் வேலை பழக்கினார். ஆனால் ஒற்றைப் பாதையில் ஒரே நேரத்தில் நீராவியோடு ஒரு என்ஜின் மட்டும் நிற்கலாம் என்பது போன்ற பழைய பாதுகாப்பு விதிகளில் சலுகை கிடையாது.

இரண்டாவது என்ஜினுக்காக அவர்கள் அண்டைப் பக்கம் பார்த்தார்கள். 1948 இல் மூடப்பட்ட கொறிஸ் பாதையின் இரண்டு என்ஜின்கள் அங்கே துணியால் மூடிக் கிடந்தன. அபூர்வமாக அதுவும் இதே 2 அடி 3 அங்குலப் பாதை. சங்கம் இரண்டையும் வாங்கியது. ஒன்றுக்கு சேர் ஹேடன் என்று பெயர் வைத்தார்கள். அதன் சில்லுகளின் விளிம்பு ஒடுக்கம். இளகி விரிந்திருந்த பழைய தண்டவாளத்துக்கு நடுவில் அது விழுந்து விழுந்து எழும்பியது. பாதை திருந்தும்வரை அதை ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. மற்றதற்கு எட்வர்ட் தோமஸ் என்று பெயர். அது 1921 இல் கட்டப்பட்டது, கட்டியது கேர் ஸ்டுவர்ட். ரோல்ட் இளைஞனாக வேலை பழகி, 1930 இல் மூடப்பட்டதைக் கண்ட அதே தொழிற்சாலை. லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் என்ஜின் கம்பனியின் தலைவர் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததால் அது அங்கே இலவசமாகப் பழுது பார்க்கப்பட்டு 1952 இல் திரும்பி வந்தது.

எட்வர்ட் தோமஸ் யார் என்பது முக்கியம். சேர் ஹேடன் காலத்து முகாமையாளர் அவர். டவின் பகுதியில் வேல்ஸ் மொழி பேசுவோர் அதிகம். வந்து இறங்கிய தொண்டர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் மத்திய நகரங்களிலிருந்து வந்த ஆங்கிலேயர். வெளியிலிருந்து வந்தவர்கள் ஊரின் சொத்தை எடுத்துக்கொள்வது போன்ற தோற்றம் வந்திருக்கலாம். பெரிய மொழியின் நிழலில் வாழும் சின்ன மொழிக்காரருக்கு அந்த உணர்வு எப்படி இருக்கும் என்று நாம் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ரோல்ட் பழைய மனிதர்களை ஒதுக்கவில்லை. எட்வர்ட் தோமஸின் அனுபவம் சங்கத்துக்குத் துணை நின்றது. ஹியூ ஜோன்ஸ் என்ற முதிய ஊழியரின் குடும்பம் பாதையோடு தொடர்ந்து இருந்தது. எந்த வளைவில் தண்டவாளம் நழுவும், எந்த ஓடையில் என்ஜினுக்குத் தண்ணீர் எடுக்கலாம் என்பதெல்லாம் அவர்களுடைய தலைக்குள்தான் இருந்தது. 1950 கோடையில் சேர் ஹேடனின் ஆட்கள் ஓட்டினார்கள், 1951 கோடையில் சங்கம் ஓட்டியது. நடுவில் ஒரு பருவம்கூட நிற்கவில்லை. நின்றிருந்தால் அந்த அறிவு கலைந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் நமது நிலை வேறாகிறது. நமக்கு நடுவில் 24 ஆண்டுகள் நின்றது. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் பாதையும் அப்படித்தான், 2015 மார்ச் வரை. நிலைய அதிபர்களும் கேற் காவலரும் பாதைத் தொழிலாளரும் அகதி முகாம்களுக்கும் கொழும்புக்கும் ரொறொன்ரோவுக்கும் போனார்கள். இலங்கையில் ரயில் பாதை முழுவதும் அரச திணைக்களத்தின் சொத்து. டலிலின் போல ஒன்றைச் சங்கம் வைத்துப் பொறுப்பேற்கச் சட்டத்தில் வழியில்லை. ஆனால் பழைய ரிக்கெட், நேர அட்டவணை, சீருடைப் பித்தான், கை விளக்கு, நிலையத்தின் புகைப்படம், 1960களில் என்ஜினுக்குக் கரி போட்ட ஒருவரின் ஞாபகம் இவற்றைச் சேர்க்கத் திணைக்களத்தின் அனுமதி தேவையில்லை. திருகோணமலையிலும் தம்பலகாமத்திலும் அந்த ஞாபகங்களோடு வாழ்ந்தவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு வருடமும் குறைகிறது.

1950களில் டலிலின் பாதையைப் புதுப்பிக்க பிரித்தானிய இராணுவத்தின் தொண்டர் படைப் பொறியியல் பிரிவுகளும் வந்தன. பயிற்சி என்ற பெயரில் சிப்பாய்கள் பழைய தண்டவாளத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டுக் கொடுத்தார்கள். தண்டவாளம் கழற்றும் சிப்பாய்களை வேறு விதமாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது வேடிக்கையான செய்திதான்.

ரோல்ட் 1951, 1952 இரண்டு பருவங்கள் முகாமையாளராக இருந்தார். பிறகு பொறுப்பைக் கைமாற்றினார், சங்கத்தை விட்டுப் போகவில்லை. கைமாற்றத் தெரிந்திருந்தது அவருடைய பெரிய குணம். தன்னை வெளியேற்றிய கால்வாய்ச் சங்கத்திடம் கற்ற பாடமாகவும் இருக்கலாம். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி அவர் எழுதிய ரெயில்வே அட்வென்சர் 1953 இல் வெளிவந்தது. அதே ஆண்டு தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட் என்ற நகைச்சுவைப் படமும் வந்தது. மூடப்படும் ரயில் பாதையை ஊர்ச்சனமே எடுத்து ஓட்டுகிற கதை. திரைக்கதை எழுதியவர் டலிலினுக்கு வந்து பார்த்துப் போனவர். தோமஸ் என்ஜின் கதைகளை எழுதிய பாதிரியார் ஒட்ரியும் இங்கே தொண்டராக வந்து கார்ட் வேலை பார்த்தவர். ஒருநாள் சிற்றுண்டி விற்கும் பெண்ணை நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டிக்குக் கொடி காட்டிவிட்டார். அந்தத் தவறையும் கதையாக்கினார். புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த தோமஸ் படங்களில் வரும் ஒடுக்கப் பாதை என்ஜின்கள் பல டலிலின் என்ஜின்களைப் பார்த்து எழுதியவை.

கால்வாய்க் காலத்திலேயே அறிமுகமான, படகுத் தொழிலாளரின் வாழ்வை உள்ளிருந்து அறிந்த சோனியாவை ரோல்ட் பின்னர் மணந்தார். இரண்டு ஆண் பிள்ளைகள். தந்தையின் பழைய கல்வீட்டுக்கே திரும்பி, எழுத்தில் வாழ்ந்தார். அது வசதியான வாழ்க்கையல்ல. 1955 இல் வெளிவந்த ரெட் ஃபோர் டேஞ்சர் ரயில் விபத்துக்களின் வரலாறு. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எந்த விதி ஏன் வந்தது என்று சொல்லும் நூல். தொண்டர்களுக்கு ரயிலைக் கொடுத்த மனிதர் இதை எழுதியது தற்செயலல்ல என்று நினைக்கிறேன். 1957 இல் பொறியியலாளர் புரூனலின் வாழ்க்கை, 1958 இல் டெல்ஃபோர்ட், 1960 இல் ஸ்டீவன்சன் தந்தையும் மகனும். பொறியியலாளர்களின் வாழ்வைச் சாதாரண வாசகரும் விரும்பிப் படிக்கலாம் என்று காட்டியவை அவை.

இதற்கிடையே அவர் போட்ட விதை பரவியது. 1955 இல் வடக்கு வேல்ஸின் ஃபெஸ்டினியொக் பாதையைத் தொண்டர்கள் மறுபடி ஓட்டினார்கள். 1960 இல் இங்கிலாந்தின் தெற்கே புளூபெல் பாதை பெரிய ரயிலையும் இப்படி ஓட்டலாம் என்று காட்டியது.

ரோல்ட் 1974 மே 9 இல், 64 வயதில் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976 இல், டலிலின் பாதை மலைக்குள் நன்ட் குவெர்னொல் வரை நீட்டப்பட்டது. 1865 காலத்தில் சிலேட்டு வண்டிகள் மட்டும் போன பகுதி அது. 2021 இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது இந்தப் பாதையும் அதன் ஒரு பகுதியாகச் சேர்ந்தது.

பாதையின் ஏழாம் இலக்க என்ஜினுக்கு அவருடைய பெயர். அது வேல்ஸில் பிறந்ததல்ல. அயர்லாந்தின் சதுப்பு நிலத்தில் கரிமண் வெட்டி ஏற்றும் பாதைக்காக 1949 இல் கட்டப்பட்டு, அங்கே வேலையற்றுப்போன ஒரு என்ஜினின் பாகங்களை வைத்து, டவின் பட்டறையில் நீண்ட காலம் எடுத்துப் புதிதாக உருவாக்கினார்கள். 1991 இல் அது டொம் ரோல்ட் என்ற பெயரோடு பயணிகளை இழுக்கத் தொடங்கியது.